வால்நட் கலர் கட்டிலும் உரிமை கேட்டு வந்த சனமும்

தீப்பெட்டிக்குள்ள அடங்கிப் போற ஒரு கட்டிலுக்குப் பங்கு கேட்டு திண்டுக்கல்லுலேருந்து ஒரு குடும்பமே வேன் புடிச்சு மதுரைக்கு வந்துச்சுன்னா நம்புவீகளா? நம்பாட்டிப் போங்க, வந்துச்சு. வந்து, மூணு மாடி ஏறி, மூச்சு வாங்கி, செருப்ப வாசல்ல குமிச்சுப் போட்டு, மங்களேஸ்வரி வீட்டு ஹால்ல சம்மணம் போட்டு ஒக்காந்து, ஆளுக்கு ரெண்டு தம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுத்தான் சண்டையவே ஆரம்பிச்சாக.

மங்களேஸ்வரி யாருன்னா, முத்துநிலா குடியிருப்புல மூணாவது மாடியில வாடகைக்கு இருக்கற சேதுராமு பொண்டாட்டி. சேதுராமுவுக்கு ஒரு பெரிய பர்னிச்சர் கடையில வேல, கட்டிலு பீரோவெல்லாம் வீடு வீடாக் கொண்டு போயி மாட்டிக் குடுக்கறது. லாரியில வர்ற வழியில மேச ஒரசிக் கீறல் விழுந்துருச்சுன்னா, வாங்குனவுக கண்ணுல படுறதுக்குள்ள தடவி மறைக்கன்னே அவரு சட்டப் பையில சில பேனா இருக்கும். பேனா மாதிரிதான், ஆனா உள்ள மைக்குப் பதிலா மரச்சாயம், நுனியில மெத்துனு பஞ்சு. தேக்குக் கலர், ரோஸ்வுட்டு, மஹாகனி, வால்நட்டு. மதுரையில கல்யாணத்துக்கு வந்து எறங்குன பீரோவுல பாதிக்கு மேல சேதுராமு பேனா பட்டதுதான், பொண்ணு வீட்டுக்கும் தெரியாது மாப்பிள்ள வீட்டுக்கும் தெரியாது. ஒருக்கா பைபாஸ் ரோட்டுல ஒரு டாக்டரு வீட்டு ஊஞ்சப் பலகையில முழ நீளத்துக்குக் கீறல், இவரு அதத் தடவி மறச்சுட்டுத் திரும்பறாரு, டாக்டரம்மா பின்னாடி நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கு, சத்தம் போடப் போகுதுன்னு இவரு நடுங்க, அந்தம்மா மெதுவா, "தம்பி, டைனிங் டேபிள்லயும் ஒண்ணு இருக்கு, அவரு வர்றதுக்குள்ள தடவிருங்க"ன்னுச்சாம். அது கெடக்கட்டும்.

பாதி காஞ்சு போன பேனாவெல்லாம் அவரு வீட்டுக்குக் கொண்டாந்து போடுவாரு. அத வச்சுத்தான் மங்களேஸ்வரி தன் வீட்ட ஆரம்பிச்சா.

ஆமா, தன் வீடு. பொம்ம வீடுதான், தக்காளிப் பெட்டிப் பலகையில கட்டுனது, கீழ ஹாலும் அடுப்படியும், மேல ஒரு படுக்க ரூம்பு, டிவிக்குப் பக்கத்துல முக்காலி மேல வச்சிருந்தா. புள்ளைக வெளையாடவும் இல்ல, விக்கவும் இல்ல. அவளுக்கு வேணும், அவ்வளவுதான். கல்யாணம் ஆன நாள்லேருந்து வாடக வீடு, ஒரு ஆணி அடிக்கணும்னாலும் வீட்டுக்காரருக்குப் போனு போடணும், அதுக்கு முன்னாடி ராமநாதபுரத்துப் பக்கம் உப்பளத்துக்கு ஓரமா ஓலக் குடிச, பாயி, ஒரு தகரப் பெட்டி. அதனால அவளுக்கு ஒரு வீடு வேணும், அதுக்குள்ள கட்டில் மேச நாக்காலி பீரோன்னு எல்லாம் நெறையா இருக்கணும், அம்புட்டும் தன்னோடதா இருக்கணும். இது என்ன பெரிய ஆசையா? தீப்பெட்டி அளவு ஆசதான. அதுக்குக்கூட விட்டாகளா இந்தச் சனம்?

மொதல்ல செஞ்சது கட்டில். ஐஸ் குச்சிய பிளேடால அறுத்து, உப்புத்தாள நகத்தளவு கிழிச்சுத் தேச்சு, மரத்துல ரேகை எந்தப் பக்கம் ஓடுதோ அந்த வாக்குலயே வால்நட் பேனாவ ஒரே இழுப்பா இழுத்து, சாயம் காயறதுக்குள்ள பழைய பனியன் துணியால ஒத்தி எடுத்தா. ஒத்தலேன்னா திட்டுத் திட்டா நின்னு போகும். குச்சியோட அறுத்த மொனை இருக்கு பாருங்க, அது வெயில்ல நின்ன மாடு தொட்டித் தண்ணியக் குடிக்கற மாதிரி சாயத்தக் குடிக்கும், அங்க மட்டும் தொட்டும் தொடாமயும் விட்டுரணும். இதெல்லாம் பழகிக்கிட்டு, கட்டில மாட்டி, மேல் ரூம்புல வச்சுட்டுப் படுத்தா. காலையில பாத்தா கட்டிலோட தலமாட்டுச் சட்டத்துல வரிசையாப் பல்லுத் தடம். சீரகத்துல பாதி இருக்கும் ஒவ்வொரு தடமும்.

எலியாக்கும்னு அவ வேலையப் பாத்துக்கிட்டு இருக்கா, கீழ் வீட்டு இன்னாசியம்மா, பெரியாஸ்பத்திரியில நர்சா இருந்து ஓய்வு பெத்தவுக, தண்ணி மோட்டாரு போட்டாச்சான்னு கேக்க மேல ஏறி வந்தாக. வந்தவுக அப்படியே நின்னுட்டாக.

"ஏ மங்களா, எங்க வீட்டுக் கட்டில் ஒன் வீட்டுல என்ன பண்ணுது?"

"இது நான் செஞ்சதுக்கா. நேத்து."

"நீ செஞ்சியோ எவன் செஞ்சானோ, இது எங்க ஐயா கட்டில். தலமாட்டுல பாரு பல்லு. எந் தம்பி அருளானந்துக்குப் பல்லு மொளைக்கயில ஊறல் தாங்காமக் கடிச்சு வச்சது. வீட்ட விக்கயில கட்டிலையும் வித்தானுக, நான் எம்புட்டோ சொன்னேன், பொம்பளப் பேச்ச எவன் கேட்டான்."

சொல்லிக்கிட்டே கட்டிலக் கைக்குட்டையில மடிச்சு இடுப்புல சொருகிட்டு எறங்கிப் போயிட்டாக. மோட்டாரு போட்டாச்சான்னு கேக்கவே இல்ல, அன்னைக்கு டேங்கு நெறஞ்சு மொட்ட மாடியெல்லாம் தண்ணி.

அந்தச் சேதி தம்பி அருளானந்துக்குப் போயித்தான் வேன் வந்தது. அவரு பொண்டாட்டி, மகன், மருமக, சாட்சிக்குன்னு ஒரு பெரியப்பா. மங்களேஸ்வரி ஹால்ல வச்சுத்தான் வழக்கு, ஏன்னா கட்டில் அங்கதான பொறந்துச்சாம்.

"பல்லு என்னுது, அப்பக் கட்டிலும் என்னுது"ங்கறாரு அருளானந்து.

"கடிச்சவனுக்குத்தான் சொந்தம்னா ஒன்னயக் கடிச்ச கொசுவுக்கெல்லாம் நீ சொந்தமாடா?"ங்கறாக இன்னாசியம்மா.

கடைசியில, கிறிஸ்மஸுக்குத் தம்பி வீட்டுலயும் ஈஸ்டருக்கு அக்கா வீட்டுலயும் கட்டில் இருக்கறதுன்னு முடிவாச்சு. அக்காளும் தம்பியும் கட்டிப் புடிச்சு அழுதாக. மங்களேஸ்வரி காப்பி போட்டா. அம்புட்டுப் பேருல ஒருத்தராச்சும் இது எப்படிம்மா ஒன் கையில வந்துச்சுன்னு கேக்கணுமே? கேக்கல. யாருக்குச் சேரும்ங்கறது மட்டுந்தான் கேள்வி. சேதுராமுகிட்ட சொன்னதுக்கு அவரும் சட்டையக் கழட்டி மாட்டிக்கிட்டே, "பழைய பேனாடி அது, அடியில கசடு தங்கியிருக்கும்"னுட்டு சாப்பிட ஒக்காந்துட்டாரு.

சரி போகட்டும், வேற செஞ்சுக்கிறலாம்னு அவ ஒரு பீரோ செஞ்சா, ரோஸ்வுட் பூசுனா. விடிஞ்சு பாத்தா கதவுக்கு உள்பக்கம் பென்சில்ல புள்ளைக உசரம் அளந்த கோடு. ரெண்டாவது மாடி சவுந்தரபாண்டி வந்துட்டாரு, அது எங்கம்மா பீரோன்னு. அவரு அண்ணன் விருதுநகர்லேருந்து வந்துட்டாரு. ரெண்டு பேரும் ஒத்துப் போகாம, பிளேடு வாங்கியாந்து பீரோவ நட்ட நடுவுல அறுத்து ஆளுக்கு ஒரு கதவா எடுத்துக்கிட்டுப் போனாக. அறுத்த தூள அவதான் கூட்டுனா. அப்புறம் ஒரு சாய்வு நாக்காலி. அது ஒரு வக்கீல் குமாஸ்தாவோடது, அந்த மனுசன் அதுல ஒக்காந்தா எந்திரிக்கவே மாட்டாராம், பொண்டாட்டி அதுலயே சோறு குடுத்து, அதுலயே சவரம் பண்ணி, கடைசியில நாலு பேரு நாக்காலியோட தூக்கிட்டுப் போயித்தான் மகளுக்குத் தாலி எடுத்துக் குடுக்க வச்சாகளாம். அந்த மக வந்து வாங்கிட்டுப் போச்சு. சாய்வுத் துணியில அப்பா தலயெண்ண வாசம் இன்னும் இருக்குன்னு மோந்து பாத்துக்கிட்டே படி எறங்குச்சு.

இப்படியே ஊருக்குள்ள பரவிப் போச்சு. மங்களேஸ்வரி காலையில கதவத் தொறந்தா படியில சனம். எங்க வீட்டு ஊஞ்சல் வந்துச்சாம்மா, எங்க தையல் மிசின் மேச வந்துச்சாம்மா, கடன்காரன் தூக்கிட்டுப் போன எங்க சோபா வந்துச்சாம்மா. வர்றவுக சும்மாவும் போறதில்ல, ஆளாளுக்கு ஒரு கொற.

"எங்க மேச இன்னும் கொஞ்சம் செவப்பு. நீ மஹாகனி பூசியிருக்கணும்."

"இந்த ஸ்டூலு காலு ஆடுதேம்மா."

"ஆமா, ஒங்க வீட்டுல இருக்கயில ஆடலையாக்கும்?"

"ஆடுச்சுதான். இருந்தாலும் செய்யறது செய்யற, கொஞ்சம் சரி பண்ணிக் குடுத்திருக்கலாம்ல."

இதுக்கு என்னத்தச் சொல்றது? செவத்துல முட்டிக்கிறதா?

கூட்டம் தாங்காம, குடியிருப்புச் சங்கத்துச் செக்ரட்டரி சங்கரலிங்கம் ஒரு ஒழுங்கு பண்ணுனாரு. அவரு ரயில்வே ஜங்ஷன்ல, பயணிக தவற விட்டுட்டுப் போற சாமானெல்லாம் போட்டு வைக்கிற ரூம்புல காலமெல்லாம் வேல பாத்தவரு. ஒரு தடவ யாரோ விட்டுட்டுப் போன உயிரோட இருக்கற சேவலுக்கு எட்டுப் பேரு உரிமை கேட்டு வந்து, கொண்டையில எந்தப் பக்கம் வெட்டுன்னு கேட்டு ஏழு பேரத் தொரத்தி விட்டவரு. அதே சட்டந்தான் இங்கயும். சாமானத் துணி போட்டு மூடிரணும். உரிமை கேக்கறவுக மொதல்ல அடையாளத்தச் சொல்லணும், அப்புறந்தான் துணிய எடுத்துப் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கறது. ஞாயித்துக்கெழம காலையில விசாரண. எடம், வேற எங்க, மங்களேஸ்வரி ஹாலு. டீயும் அவதான்.

"ஏங்க, செஞ்சவளுக்கு ஒண்ணும் கெடையாதா?"ன்னு ஒருக்கா அவ கேட்டா.

"அடையாளம் சொல்லும்மா, தாராளமா எடுத்துக்க"ன்னாரு செக்ரட்டரி. நல்ல மனுசன்தான், ஆனா சட்டம்னு வந்துட்டா பச்சத்தண்ணி குடுக்க மாட்டாரு.

வீடு நெறைய நெறைய காலியாச்சு. அவ ராங்கி புடிச்சவ, விடல. பழைய சாமான் செஞ்சாத்தான வர்றீக, புதுசாச் செய்யறேன் பாருன்னு கடை கேட்லாக்கப் பாத்து செருப்பு ஸ்டாண்டு செஞ்சா. அதுக்கு ஒருத்தரு வந்தாரு, வெவாகரத்து ஆனப்ப பொண்டாட்டி கொண்டு போயிட்டான்னு, அவரு பின்னாடியே அந்தப் பொண்டாட்டியும் வந்துச்சு, ரெண்டும் அடையாளத்தச் சரியாச் சொல்லிப்புட்டு ஹால்ல நின்னு பழைய சண்டைய விட்ட எடத்துலேருந்து தொடந்துச்சுக. கம்ப்யூட்டர் மேச செஞ்சா, அதுக்கும் ஆளு. நாய்க்கூண்டு செஞ்சா, நாயவே கூட்டிக்கிட்டு வந்துட்டாக, அது மோந்து பாத்துட்டு ஊளையிட்டுச்சு, அதையே அடையாளமா எடுத்துக்கிட்டாரு செக்ரட்டரி.

அப்பத்தான் அவளுக்கு ஒண்ணு தோணுச்சு. இம்புட்டுப் பேரு வீட்டுச் சாமானும் வருதே, நம்ம வீட்டுது ஒண்ணு வராமயா போகும்? வந்தா அத எவன் கேக்க முடியும்? உடனே ஊருக்குப் போன் போட்டா.

"ஆத்தா, நம்ம வீட்டுல மரச்சாமான் என்ன இருந்துச்சு?"

"மரச்சாமானா?" ஆத்தா சிரிச்சுருச்சு. "கதவே தட்டி தானடி. அருவாமனகூட பொன்னாத்தாகிட்ட எரவல் வாங்குனது."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"என்னத்த யோசிக்க. ஒங்கய்யா உப்பு வார்ற பலக ஒண்ணு மூலையில சாத்தி நிக்கும். எனக்குக் கால் வலிச்சா அதப் புடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிப்பேன்."

பலகன்னா, ஆளு உசரக் கம்பு, அடியில குறுக்க ஒரு பலகத் துண்டு, பாத்தியில வெளஞ்ச உப்ப அதால வாரிக் கரையில குமிக்கிறது. மங்களேஸ்வரி மூங்கில் குச்சிய எடுத்தா. தேய் தேய்னு தேச்சா. தேக்குப் பேனாவ எடுத்து, மூச்சப் புடிச்சுக்கிட்டு ஒரே இழுப்பு இழுத்தா. மறுநா பாத்தா, கம்போட நடுவுல ரெண்டு எடம் தேஞ்சு மெலிஞ்சு மினுமினுன்னு இருக்கு. அவ அய்யா கை புடிச்ச எடம். பாத்த ஒடனே தெரிஞ்சுருச்சு, வலது கை மேல, எடது கை கீழ. அவ பொம்ம வீட்டுக்குள்ள அடுப்படி மூலையில அதச் சாத்தி வச்சுட்டு, அன்னைக்குச் சமைக்கவே இல்ல, பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தா. சேதுராமு வந்து, "சோறு?"ன்னாரு. "கடையில வாங்கிக்கங்க"ன்னா.

ஞாயித்துக்கெழம ஒரு ஆளு வந்தாரு. ஆதிமூலம்னு பேரு, ரெண்டு தெரு தள்ளி பேட்டரிக் கட வச்சிருக்காரு. வெள்ளச் சட்ட, மரியாதையான பேச்சு.

"உப்பு வார்ற பலக ஒண்ணு வந்திருக்குன்னு சொன்னாக. எங்க தாத்தா வேலாயுதம் உப்பளத்துச் சாமானா இருக்கலாம். கம்போட அடியில 'வே'ன்னு சூடு போட்டிருக்கும்."

செக்ரட்டரி துணிய எடுத்தாரு. பூதக்கண்ணாடிய வச்சாரு. எள்ளு மொனையில எழுதுன மாதிரி, கருப்பா, 'வே'.

மங்களேஸ்வரி வெரல நீட்டிக் காட்டுனா. "நடுவுல பாருங்க, தேஞ்சிருக்குல்ல, அது எங்கய்யா கை. எங்கய்யா கை அது."

"தேஞ்சது ஒங்கய்யா கையாலதான்க்கா இருக்கும்"னாரு ஆதிமூலம், ரொம்பப் பணிவா. "ஆனா கம்பு எங்களுதுல்ல. அளத்துச் சாமான வேலயாளுக வீட்டுக்குக் கொண்டு போறதும் உண்டு, நாங்க ஒண்ணும் சொல்றதில்ல."

அவ செக்ரட்டரியப் பாத்தா. அவரு மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. இன்னாசியம்மா, "ஏங்க, பாத்துப் பண்ணுங்க"ன்னாக. அவரு தலயக் குனிஞ்சுக்கிட்டே, "தேய்மானம் அடையாளத்துல சேராதும்மா. ரயில்வேயிலயும் அப்படித்தான்"னாரு.

ஆதிமூலம் அதச் சட்டப் பையில பேனாவுக்குப் பக்கத்துல சொருகிக்கிட்டு, டீ நல்லா இருந்துச்சுக்கான்னு சொல்லிட்டுப் போனாரு.

திங்கக்கெழம அவ பாத்திரத்தப் போட்ட போடுல கீழ் வீட்டுல இன்னாசியம்மா செபமாலையப் பாதியில விட்டுட்டாக. செவ்வாக்கெழம மத்தியானம் ஒக்காந்து, மிச்சம் கெடந்த குச்சியெல்லாம் எடுத்து, கட்டிலு, மேச, பெஞ்சு, பீரோன்னு அறுத்துத் தள்ளுனா. அளவும் பாக்கல, உப்புத்தாளும் போடல. மரப்பசை டப்பாவ எடுத்து அப்படியே கவுத்தா. எப்பவும் துண்டு துண்டாச் சாயம் பூசிக் காஞ்சப்பறந்தான் பசை போடுவா, ஏன்னா பசை பட்ட எடத்துல சாயம் ஏறாது, மரத்தோட வாய அடச்ச மாதிரி அடச்சுப்புடும். இப்ப அவளுக்கு அதெல்லாம் ஞாவகம் இருந்துச்சா, தெரிஞ்சே செஞ்சாளா, யாரு கண்டா. கைவெரலெல்லாம் பசை, வெரலாலயே அமுக்கி அமுக்கி ஒட்டுனா, அழுதுக்கிட்டே ஒட்டுனா, வேலாயுதத்த வஞ்சா, ரயில்வேய வஞ்சா, பல்லு மொளச்ச அருளானந்த வஞ்சா, ஒட்டிக் காஞ்சது மேல, இருக்கற பேனா அம்புட்டையும் தேக்கு எது வால்நட்டு எதுன்னு பாக்காமப் போட்டு இழுத்தா. சாயம் ஏறுன எடத்துல ஏறுச்சு, ஏறாத எடத்துல வெள்ளையாவே நின்னுச்சு. பாக்கச் சகிக்கல. தேமல் விழுந்த மாதிரி கட்டிலு, கோழி எச்சம் விழுந்த மாதிரி மேச.

புதங்கெழம பாத்தா. ஒரு பல்லுத் தடம் இல்ல, ஒரு பென்சில் கோடு இல்ல. வியாழக்கெழமயும் பாத்தா. ஒண்ணும் இல்ல. பொம்ம வீட்டுல அதது எடத்துல வச்சா. ரொம்ப நாளைக்கப்பறம் வீடு நெறஞ்சு இருந்துச்சு.

ஞாயித்துக்கெழம சனம் வந்துச்சு. வீடு நெறையச் சாமான்னு கேள்விப்பட்டு எப்பவும் வர்றதவிடக் கூட்டம், மாடிப்படி கொள்ளல, ஆதிமூலமும் வந்திருந்தாரு. அவ டீ போடல. செக்ரட்டரி துணியால வீட்டோட மூடி வச்சுட்டு, ஒவ்வொருத்தராக் கூப்புட்டாரு. ஒருத்தரு கோழி குஞ்சு பொரிச்ச பொந்துன்னாரு, இல்ல. ஒருத்தரு கொலுசு மாட்டுன ஆணின்னாரு, இல்ல. ஆதிமூலம் சூட்டுக்கோல் எழுத்துன்னாரு, அதுவும் இல்ல. எல்லாரும் சொல்லி முடிச்சாச்சு, ஒருத்தருக்கும் ஒண்ணும் சேரல. துணிய எடுத்துட்டாக. சனம் எட்டிப் பாத்துட்டு மொகத்தச் சுளிச்சுச்சு.

"அடக் கருமமே"ன்னாக இன்னாசியம்மா. "என்னடி இது, அம்மை போட்ட மாதிரி? யாரு வீட்டுதுடி இம்புட்டு அசிங்கமா?"

"எங்க வீட்டுது."

பின்னாடி படியில நின்ன சவுந்தரபாண்டி, "அதெப்படி, எல்லாருக்கும் ஒரே சட்டந்தான, அடையாளம் சொல்லச் சொல்லுங்க"ன்னு சத்தம் போட்டாரு. செக்ரட்டரி துணிய மறுபடி வீட்டு மேல போட்டாரு. போட்டுட்டு அவளப் பாத்தாரு.

மங்களேஸ்வரி திரும்பி நின்னுக்கிட்டா. "கட்டிலு, கால்மாட்டுப் பக்கம் வெள்ள, நெலக்கடல மாதிரி, அது பசையோட எஞ் சுண்டுவெரலு பட்ட எடம். பீரோ, கதவுக்கு மேல்பக்கம் ரெண்டு வெள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும், தூக்கி வச்ச எடம். பெஞ்சு, அடியில பூரா வெள்ள, அது பெருவெரல். மேச இருக்குல்ல, மேசைக்கு மேல ஒரே ஒரு வெரல்தான், மேச முழுக்க வரும், சுழி நடுவுல கத்தி வெட்டுன தழும்பு குறுக்க ஓடும், வெங்காயம் நறுக்கயில வெட்டுனது."

செக்ரட்டரி துணிய எடுத்து, பூதக்கண்ணாடிய மேச மேல வச்சாரு. வால்நட் கலருக்கு நடுவுல வெள்ள வெளேர்னு ஒரு பெருவெரல் ரேகை, சுழிக்குக் குறுக்க வெட்டு. "கையக் குடும்மா"ன்னாரு. பாத்தாரு. மேசையப் பாத்தாரு, வெரலப் பாத்தாரு, ஆதிமூலத்தப் பாத்தாரு. ஆதிமூலம் தரையப் பாத்தாரு.

"சரியாருக்கு"ன்னு பூதக்கண்ணாடிய மடிச்சுப் பையில போட்டாரு செக்ரட்டரி. "ஒன்னுதுதாம்மா. எடுத்துக்கிட்டுப் போ."

"எடுத்துக்கிட்டு எங்கங்க போறது?"ன்னா மங்களேஸ்வரி. "நான் எங்க வீட்டுலதான நிக்கிறேன். நீங்கதான் போகணும். போங்க. செருப்பு மாறாமப் பாத்துப் போட்டுக்கிட்டுப் போங்க."